நேப்பாளம் – பூட்டான் கலாசாரச் சுற்றுலா: இடப்பக்க ஜன்னலில் தெரியாத வரலாறு



காட்மாண்டுவிலிருந்து பாரோவுக்குப் போகும் விமானத்தில் இடது பக்க ஜன்னல் இருக்கையைக் கேட்டு வாங்குங்கள். நேப்பாளம், பூட்டான் இரண்டையும் சேர்த்துச் சுற்றிவிட்டு வந்த யாரைக் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வாங்க. ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம். வானம் தெளிவா இருந்தால் எவரெஸ்ட்டும் கஞ்சன்ஜங்காவும் பக்கத்து வீடு மாதிரி தெரியும். ஆண்டிறுதி விடுமுறையில் ஆசிரியர் குழு ஒன்றோடு போன நானும் இடது பக்கம்தான் உட்கார்ந்தேன். கைப்பேசியில் அறுபது எழுபது படம் எடுத்தேன். பாதிப் படத்தில் விமானத்தின் இறக்கைதான் விழுந்திருக்கிறது.

வலது பக்கம் என்ன இருக்கிறது என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. தெற்கே, மலை இறங்கிச் சமவெளி ஆகும் இடத்தில், நேப்பாளத்தின் மோராங், ஜாப்பா மாவட்டங்கள் இருக்கின்றன. அங்கே ஒரு காலத்தில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான பூட்டான்காரர்கள் மூங்கில் குடிசைகளில் அகதிகளாக வாழ்ந்தார்கள். நாம் பணம் கட்டிப் பார்க்கப் போகும் இரண்டு நாடுகளையும் உண்மையிலேயே இணைப்பவர்கள் அவர்கள்தான். பயண நிரலில் அவர்களுக்கு ஒரு வரிகூட இல்லை. திரும்பி வந்து படிக்கப் படிக்க, இது எங்கேயோ கேட்ட கதையா இருக்கே என்று தோன்றியது. நான் பைராம் தோட்டத்தில் வளர்ந்த பிள்ளை. அதனால்தான் அப்படித் தோன்றியிருக்கும்.

முதலில் சுற்றுலாவைச் சொல்லிவிடுகிறேன், போக நினைப்பவர்களுக்கு உதவும்.

நேப்பாளம் என்றாலே நம்ம ஆட்களுக்கு இரண்டு பெயர்தான் நினைவுக்கு வரும்: பசுபதிநாதர், முக்திநாத். திருமங்கையாழ்வார் பாடிய சாளக்கிராமம் முக்திநாத்தான் என்று வைணவர்கள் போற்றுகிறார்கள். கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,700 மீட்டர் உயரம். கோயிலைச் சுற்றி 108 நீர்த்தாரைகள். அதே இடம் திபெத்திய பௌத்தர்களுக்கும் புனிதத் தலம். வழிபாட்டில் பௌத்தத் துறவினிகளுக்கும் பங்கு உண்டு. கீழே காளி கண்டகி ஆற்றில் கிடைக்கும் சாளக்கிராமக் கல், இமயமலை எழும்புவதற்கு முன் அங்கே இருந்த கடலில் வாழ்ந்த உயிரினத்தின் படிமம். இது ஒன்றையே வைத்து அறிவியல் ஆசிரியரும் நாமும் சேர்ந்து ஒரு பாடம் நடத்தலாம். ஆனால் எங்கள் பத்து நாள் பயணத்தில் முக்திநாத் இல்லை. அதற்குத் தனியாக நாலைந்து நாள் வேண்டும்.

காட்மாண்டுப் பள்ளத்தாக்கில் மூன்று பழைய நகரங்கள்: காட்மாண்டு, பாட்டன், பக்தபூர். இவ்வளவு சின்னப் பள்ளத்தாக்கில் எதற்கு மூன்று அரண்மனை? 1482-இல் யட்ச மல்லன் இறந்த பிறகு பிள்ளைகள் நாட்டைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். அடுத்த இருநூற்றுச் சொச்சம் ஆண்டுகள், உன் கோயில் பெரிதா என் கோயில் பெரிதா என்று போட்டி. அந்தப் போட்டியின் பலனைத்தான் இன்று நாம் டிக்கெட் வாங்கிப் பார்க்கிறோம். கட்டியவர்கள் நேவார் கைவினைஞர்கள். பக்தபூரில் 1702-இல் எழுப்பிய ஐந்தடுக்கு நியாத்தபோலா கோயில் 1934, 2015 ஆகிய இரண்டு பெரிய நிலநடுக்கங்களையும் தாங்கி நிற்கிறது. அதன் படிக்கட்டில் உட்கார்ந்து ஒரு மண்சட்டித் தயிர் சாப்பிடாமல் வராதீர்கள்.

1768-இல் கூர்க்கா மன்னர் பிருத்வி நாராயண் ஷா, காட்மாண்டு மக்கள் இந்திர ஜாத்திரைத் திருவிழாவில் இருந்த நாளாகப் பார்த்து நகரைப் பிடித்தார். அடுத்த ஆண்டு பக்தபூரும் விழுந்தது. ஷா வம்சம் 2008 வரை நீடித்தது.

பூட்டானுக்கு நாம் விரும்பியபடி போக முடியாது. மலேசியர்களுக்கு விசா வேண்டும். ஓர் இரவுக்கு 100 அமெரிக்க டாலர் என்று வளர்ச்சிக் கட்டணம் கட்ட வேண்டும். தலைநகர்ப் பகுதியைத் தாண்டிப் போக வழிகாட்டி கூடவே வரவேண்டும். 1974-இல்தான் அந்த நாடு வெளிநாட்டுப் பயணிகளுக்குக் கதவைத் திறந்தது. தொலைக்காட்சி வந்ததே 1999-இல். 1616-இல் திபெத்திலிருந்து வந்த ஷப்துருங் நவாங் நம்கியால் என்ற துறவிதான் சிதறிக் கிடந்த பள்ளத்தாக்குகளை ஒரே நாடாக்கினார். அவர் 1637-இல் கட்டத் தொடங்கிய புனாக்கா ஜோங், இரண்டு ஆறுகள் கூடும் இடத்தில் நிற்கிறது. கோட்டை, மடம், அரசு அலுவலகம் மூன்றும் ஒரே கட்டடத்தில். பாரோவில் பாறை முகத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் தக்த்சாங் மடம் 1692-இல் எழுந்தது. 1998-இல் எரிந்து, மறுபடி கட்டப்பட்டது. ஏறி இறங்க எனக்கு ஐந்து மணி நேரம் ஆனது. முழங்கால் வலி உள்ளவர்கள் பாதி வழியில் இருக்கும் தேநீர்க் கடையோடு நின்றுவிடலாம், அங்கிருந்தே மடம் நன்றாகத் தெரியும்.

வழிகாட்டி இளைஞர் ஒருவர் சொன்ன கதை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. ஷப்துருங் தன் தந்தையின் அஸ்தியை வைக்க வெள்ளித் தூபி ஒன்று செய்ய நினைத்தார். அதற்கு 1620 வாக்கில் காட்மாண்டுப் பள்ளத்தாக்கிலிருந்து நேவார் கைவினைஞர்களை வரவழைத்தாராம். பாருங்க, பூட்டான் என்ற நாடு உருவாகும்போதே நேப்பாளத்துக் கை அதில் பட்டிருக்கிறது! இரண்டு நாட்டுக்கும் உள்ள உறவுக்கு எல்லா வழிகாட்டிகளும் காட்டும் உதாரணம் இது. கதை அங்கேயே நின்றுவிடுகிறது. நடுவில் நானூறு ஆண்டு காணோம்.

அந்த நானூறு ஆண்டில் நம் பினாங்கும் வருகிறது.

1814-இல் கிழக்கிந்தியக் கம்பெனி நேப்பாளத்தோடு போருக்குப் போனது. 1816-இல் சுகௌலி உடன்படிக்கையோடு போர் முடிந்தது. நேப்பாளம் கிழக்கிலும் மேற்கிலும் நிலத்தை இழந்தது. அந்தப் போரின்போதே கூர்க்காக்களைத் தன் படையில் சேர்க்கத் தொடங்கிவிட்டது கம்பெனி. பூட்டானோடு 1864–65-இல் துவார் போர். 'துவார்' என்றால் வாசல். மலையிலிருந்து சமவெளிக்கு இறங்கும் வாசல் நிலங்கள். அவற்றைப் பிரிட்டிஷ் இந்தியா எடுத்துக்கொண்டு, பூட்டானுக்கு ஆண்டுதோறும் பணம் கொடுக்க ஒப்புக்கொண்டது. தொகை 50,000 ரூபாய் வரை. இந்த வழக்கம் நமக்குத் தெரிந்ததுதானே? பினாங்குத் தீவுக்காக 1791-இல் கெடா சுல்தானுக்கு ஆண்டுக்கு 6,000 டாலர். 1800-இல் இன்றைய செபராங் பிறையையும் சேர்த்துக்கொண்டு 10,000 டாலர். நிலத்தை எடுத்துக்கொண்டு ஆண்டுப்பணம் கொடுத்துக் கணக்கை முடிக்கும் அதே கம்பெனிப் பழக்கம். 1867 வரை பினாங்கு கல்கத்தா அரசின் கீழ்தான் இருந்தது. அதாவது துவார் போரை நடத்திய அதே அலுவலகம்தான் பினாங்கையும் ஆண்டுகொண்டிருந்தது.

இரண்டு இடத்திலும் அடுத்து நடந்ததும் ஒன்றே. காட்டை வெட்ட ஆள் வேண்டும். டார்ஜிலிங் தேயிலைத் தோட்டங்களுக்கு நேப்பாள மலைகளிலிருந்து குடும்பம் குடும்பமாக ஆள் போனார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் அதற்குப் பிறகும், மலேரியாக் காடாகக் கிடந்த பூட்டானின் தென்பகுதியைத் திருத்தவும் அதே மக்கள் வந்து குடியேறினார்கள். கிட்டத்தட்ட அதே காலத்தில் நாகப்பட்டினத்திலிருந்து கப்பல் ஏறியவர்கள் செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களில் வந்து இறங்கினார்கள். பைராம் என்ற பெயரே இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் இருக்கும் ஓர் இடத்தின் பெயர். நிபோங் திபால் வட்டாரத் தோட்டங்களை வைத்திருந்த ராம்ஸ்டன் குடும்பத்தின் சொந்த ஊர் அது. கரும்பு போய் ரப்பர் வந்தது, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பெயர் மட்டும் மாறவில்லை.

தென்பூட்டானில் குடியேறிய நேப்பாளி மொழிக்காரர்களை லோட்ஷாம்பா என்பார்கள், தெற்குக்காரர்கள் என்று பொருள். நெல், ஆரஞ்சு, ஏலக்காய் பயிரிட்டார்கள், வரி கட்டினார்கள். 1958-இல் வந்த சட்டம் அவர்களில் நிலம் வைத்திருந்து நெடுநாள் வாழ்ந்தவர்களுக்குக் குடியுரிமை கொடுத்தது. தென்பகுதிப் பள்ளிகளில் நேப்பாளி மொழியும் கற்பிக்கப்பட்டது.

பிறகு காற்று மாறியது. 1975-இல் பக்கத்து மலைநாடான சிக்கிம், இந்தியாவோடு இணைந்தது. அங்கே நேப்பாளி பேசுவோரே பெரும்பான்மை. 1986 முதல் டார்ஜிலிங்கில் கூர்க்காலாந்து கேட்டுக் கிளர்ச்சி. சுற்றிலும் இப்படி நடக்கும்போது, ஆறேழு லட்சம் மக்கள் உள்ள பூட்டான் தன் அடையாளம் கரைந்துவிடுமோ என்று பயந்தது. அந்தப் பயத்தை நான் பொய் என்று சொல்லமாட்டேன். சின்ன நாட்டுக்கு, சின்ன மொழிக்கு அந்தப் பயம் இருக்கத்தான் செய்யும், நமக்கும் இருக்கிறது. பயத்துக்கு யார் விலை கொடுத்தார்கள் என்பதுதான் கேள்வி.

1985-இல் புதிய குடியுரிமைச் சட்டம். 1958 டிசம்பர் 31-க்குள் நாட்டில் குடியிருந்ததைக் காட்ட வேண்டும். 1988-இல் தெற்கே கணக்கெடுப்பு. மக்களை எஃப்-1 முதல் எஃப்-7 வரை ஏழு வகையாகப் பிரித்தார்கள். எஃப்-1 என்றால் உண்மையான பூட்டான்காரர், எஃப்-7 என்றால் அந்நியர். கணவன் ஒரு வகை, மனைவி இன்னொரு வகை என்று ஒரே வீடு பிரிந்தது. அதிகாரிகள் கேட்டது 1958-ஆம் ஆண்டு நிலவரி ரசீது. அதற்கு முந்தைய ஆண்டு ரசீதைக் காட்டியும் செல்லவில்லை என்று பிறகு முகாம்களில் பலர் சொன்னார்கள். முப்பது வருஷத்துக்கு முந்தைய ஒரு துண்டுச் சீட்டை எந்த விவசாயி பத்திரமாக வைத்திருப்பான்?

1989-இல் தேசிய உடையும் நடைமுறைகளும் எல்லோருக்கும் கட்டாயமாக்கப்பட்டன. ஆண்களுக்கு கோ, பெண்களுக்கு கீரா. குளிர்மலைக்கு ஏற்ற கனத்த உடை. தெற்கே வெயில் நம்ம ஊர் மாதிரி. திம்புவில் அந்த உடையை நாங்கள் வாடகைக்கு எடுத்து, ஜோங்கின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டோம். இந்த விவரம் அப்போது எனக்குத் தெரியாது. படத்தை முகநூலிலிருந்து நான் எடுக்கவில்லை, ஆனால் இப்போது அதைப் பார்க்கும்போது வேறு மாதிரி இருக்கிறது.

அதே 1989-இல் பள்ளிகளில் நேப்பாளி மொழிப் பாடம் நிறுத்தப்பட்டது. தமிழ் ஆசிரியர்களான நமக்கு இந்த ஒரு வரி போதும், விளக்கம் வேண்டாம்.

1990-இல் தெற்கே ஆர்ப்பாட்டங்கள், கைதுகள். ஆர்ப்பாட்டக்காரர்களின் பக்கத்திலும் வன்முறை இருந்தது என்பதைச் சொல்ல வேண்டும். அதன்பின் குடும்பங்கள் வெளியேறத் தொடங்கின. பூட்டானுக்கும் நேப்பாளத்துக்கும் பொது எல்லை கிடையாது, நடுவில் இந்தியா. இந்திய மண் வழியாக வந்தவர்கள் 1991-இல் ஜாப்பாவின் மாய் ஆற்றங்கரையில் கூட்டமாகத் தங்கினார்கள். பிறகு ஏழு முகாம்கள். பூட்டான் மக்கள்தொகையில் ஆறில் ஒரு பங்கு என்று பரவலாகச் சொல்வார்கள். அவர்கள் சட்டவிரோதமாகக் குடியேறியவர்கள், அல்லது தாங்களாக எழுதிக்கொடுத்துவிட்டுப் போனவர்கள் என்பது பூட்டான் அரசின் நிலை. மிரட்டிக் கையெழுத்து வாங்கினார்கள் என்பது அகதிகளின் வாதம்.

1993 முதல் பத்து ஆண்டுகள் இரு அரசுகளும் பேசின. 2001-இல் குதுனாபாரி என்ற ஒரே ஒரு முகாமில் 12,000-க்கும் மேற்பட்டவர்களைச் சரிபார்த்தார்கள். 2003-இல் முடிவு வந்தபோது, 'வலுக்கட்டாயமாக வெளியேற்றப்பட்ட உண்மையான பூட்டான்காரர்' என்ற வகையில் 293 பேர் மட்டுமே இருந்தார்கள். அந்த 293 பேரும்கூட ஊர் திரும்பவில்லை.

எனக்கு மறக்க முடியாதது முகாம் பள்ளிக்கூடம். மூங்கில் சுவர், மண்தரை, முகாமிலேயே படித்த பிள்ளைகள்தான் அடுத்த தலைமுறைக்கு ஆசிரியர்கள். அங்கே பாடத்தில் பூட்டானின் தேசிய மொழியான ஜோங்காவும் இருந்தது. தன் மொழியை நிறுத்திய நாட்டின் மொழியை, என்றாவது திரும்பிப் போவோம் என்று அந்தப் பிள்ளைகள் படித்தார்கள். போகவில்லை. 2007-இன் இறுதியிலிருந்து அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா என்று எட்டு நாடுகள் ஒரு லட்சத்துக்கும் அதிகமானவர்களை ஏற்றுக்கொண்டன. பெரும்பாலோர் அமெரிக்காவில். சில ஆயிரம் பேர் இன்னும் முகாமில். 2025-இல் அமெரிக்கா நாடு கடத்திய சிலர் பூட்டானில் இறக்கப்பட்டு, அங்கும் தங்க விடாமல், சுற்றிச் சுற்றி ஜாப்பாவுக்கே வந்து சேர்ந்தார்கள்.

திம்புவில் வழிகாட்டியிடம் இதைக் கேட்டிருக்கலாமே என்று நீங்கள் நினைக்கலாம். அங்கே இருந்தபோது எனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். தெரிந்திருந்தாலும் கேட்டிருக்கமாட்டேன் என்றுதான் நினைக்கிறேன். என் ஒரு கேள்வியால் அந்த இளைஞருக்குச் சங்கடம் வந்தால் நான் விமானம் ஏறிவிடுவேன், அவர் அங்கேதான் இருக்க வேண்டும்.

இனி பைராம். 1957-க்கு முன் பினாங்கு பிரிட்டிஷ் குடியேற்றம்; இங்கே பிறந்த பிள்ளை பிரிட்டிஷ் பிரஜை. நிபோங் திபாலைத் தாண்டி எல்லைக்கு அந்தப் பக்கம், பேராக்கில் ஒரு தோட்டத்தில் பிறந்தால் அது தானாகக் கிடைக்காது, அது சுல்தானின் நாடு. ஒரே கங்காணி கூட்டி வந்த அண்ணன் தம்பி, பிள்ளை பெற்ற இடத்தைப் பொறுத்து வேறு வேறு ஆனார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு பதிந்தவர்களுக்குக் குடியுரிமை கிடைத்தது. பதியாதவர்கள் சிவப்பு அடையாள அட்டையோடு நின்றார்கள். 1969-இல் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயம் ஆனபோது ஆயிரக்கணக்கான தோட்டத் தமிழர்கள் இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார்கள். இலங்கை மலையகத்தில் இதைவிடக் கொடுமை: 1948 சட்டத்தில் தகப்பன் இலங்கையில் பிறந்ததற்குச் சான்று கேட்டார்கள், 1964 ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று ஆட்களை எண்ணிப் பங்கு போட்டார்கள்.

என் பாட்டி ஒரு பிஸ்கட் டின் வைத்திருந்தார். உள்ளே சம்பளச் சீட்டு, அம்மை குத்திய அட்டை, எப்போதோ வாங்கிய சைக்கிளுக்கான ரசீது. "தூக்கிப் போட்டுடாதே, எப்ப எவன் கேப்பான்னு தெரியாது" என்பார். சின்ன வயதில் எங்களுக்கு அது சிரிப்பு. எஃப்-1, எஃப்-7 பற்றிப் படித்த இரவு, அம்மாவுக்குப் போன் போட்டு அந்த டின் இன்னும் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது.

நேப்பாளிகள் நமக்குத் தூரத்து ஆட்களும் இல்லை. 1948-க்குப் பிறகு பிரிட்டிஷ் கூர்க்காப் படை மலாயாவில்தான் இருந்தது. அதன் பயிற்சி முகாம் பக்கத்துச் சுங்கை பட்டாணியில். இன்றைக்குப் பள்ளி வாசலில், அடுக்குமாடிக் குடியிருப்பு வாசலில் காவல் நிற்பவர் நேப்பாளியாக இருக்கலாம். ஊரைக் கேளுங்கள், ஜாப்பா என்று சொன்னாலும் சொல்வார்.

வகுப்பில் இதை எடுக்க நினைப்பவர்களுக்கு என் அனுபவத்தில் ஓர் எச்சரிக்கை. படிவம் நான்கு மாணவர்களிடம், "வீட்டில் இருக்கும் மிகப் பழைய ஆவணத்தைக் கொண்டு வந்து அதைப் பற்றி ஒரு பக்கம் எழுதுங்கள்" என்று சொன்னேன். நல்ல பயிற்சி என்று எனக்கு நானே மெச்சிக்கொண்டேன். மறுநாள் ஒரு மாணவி மட்டும் வெறுங்கையோடு வந்தாள். மறந்துவிட்டாயா என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டேன். இடைவேளையில் வந்து மெதுவாகச் சொன்னாள், அவளுக்கே பிறப்புப் பத்திரத்தில் சிக்கல், வீட்டில் அந்தப் பேச்சை எடுத்தாலே அம்மா அழுவாராம். பத்து ஆண்டு ஆசிரியர் பணியில் நான் அவ்வளவு கூனிக் குறுகியது இல்லை. அவள் விஷயத்தை ஆலோசக ஆசிரியரிடம் கொண்டு போனோம். மனு போட்டிருக்கிறார்கள், பதில் வரவில்லை.

இப்போது ஆவணம் என்று கேட்பதில்லை, 'மிகப் பழைய பொருள்' என்று மாற்றிவிட்டேன். அந்த மாணவி அடுத்த வாரம் தன் பாட்டியின் பால்வெட்டுக் கத்தியைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தாள். கத்தியைப் பள்ளிக்குக் கொண்டுவரக் கட்டொழுங்கு ஆசிரியரிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கியிருந்தேன். பயிற்சித்தாளில் இரண்டு கேள்விகள்தான். இந்தப் பொருளை வைத்திருந்தவர் எங்கிருந்து வந்தார்? அவர் இங்கே வாழ்ந்தார் என்பதற்கு, இந்தப் பொருளைத் தவிர, வேறு என்ன சாட்சி இருக்கிறது? இரண்டாவது கேள்விக்கு அவள் எழுதியது: "பாட்டி வெட்டிய மரங்கள் இருந்தன. அவற்றையும் சாய்த்துவிட்டுச் செம்பனை நட்டுவிட்டார்கள்."